பதம் தப்பினால் திரும்பாது

1947இல் ஃபாக்ட் நிறுவனம் உர உற்பத்தியைத் தொடங்கிய கேரளத்து ஊர் ஏலூர். பெரியாற்றங்கரையில் உரம், அமிலம் என்று நெடி மாறி மாறி வரும் இங்கே நான் ரெசினாகக் காய்ச்சுவது முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயை. பண்ருட்டிக்காரர்களுக்கும் கொல்லத்துக்காரர்களுக்கும் இதை அறிமுகப்படுத்த வேண்டாம். கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் புண்ணாக்குவது இதுதான்.

ஓட்டின் எண்ணெயில் பெரும்பகுதி அனகார்டிக் அமிலம். சூடேறினால் கரியமில வாயுவை விட்டுக் கார்டனால் ஆகும். அது ஒரு ஃபீனால்; வளையத்தில் 15 கார்பன் நீளத்துக்கு ஒரு வால். வளையம் ஃபார்மால்டிஹைடோடு பிணையும். வாலின் இரட்டைப் பிணைப்புகள் காற்றின் ஆக்சிஜனைப் பிடித்துத் தனியே பிணையும். சாதாரண ஃபீனால் ரெசின் இறுகினால் நொறுங்கும். இந்த வால் நெகிழ்வு தருகிறது, நீரையும் அண்டவிடாது. கெட்டுவள்ளப் படகுக்கு முந்திரி ஓட்டெண்ணெய் பூசியவர்கள் வேதியியல் படிக்காமலே இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

பெட்ரோலிய ஃபீனால் எந்த டிரம்மைத் திறந்தாலும் ஒன்றே. கார்டனாலில் இரட்டைப் பிணைப்பு ஒன்று, இரண்டு, மூன்று உள்ளவையும் ஒன்றுமே இல்லாதவையும் கலந்திருக்கும். ஓட்டை எப்படி வறுத்தார்கள், எண்ணெய் எவ்வளவு காலம் கிடந்தது என்பதைப் பொறுத்தும் சரக்கு மாறும். அதனால் ஒவ்வொரு லோடுக்கும் அயோடின் மதிப்பும் பாகுநிலையும் பார்த்த பிறகுதான் ஃபார்மலின், அதாவது ஃபார்மால்டிஹைடு கரைசல், எவ்வளவு என்ற கணக்கு.

கெட்டிலில் காஸ்டிக் சேர்த்துச் சூடேற்றியபின், கம்பிப் பதம் பார்ப்பதுபோல ஒரு சொட்டைச் சூடான தகட்டில் வைத்து நூல் இழுத்துப் பார்ப்போம். நூல் அறுபட எடுக்கும் நேரம் குறையக் குறைய, குளிர்நீரைத் திறக்கும் நேரம் நெருங்குகிறது. வெல்லப்பாகு முறுகினால் தண்ணீர் ஊற்றி மீட்கலாம். ரெசின் ஜெல் ஆகிவிட்டால் எதிலும் கரையாது, எந்தச் சூட்டிலும் உருகாது, கொத்தித்தான் எடுக்கவேண்டும்.

“இது இயற்கைதானே?” என்று வாங்க வருபவர்கள் கேட்பார்கள். பாதி உண்மை. ஃபீனால் மரத்திலிருந்து வருகிறது. ஃபார்மலினுக்கான மெத்தனால் பெரும்பாலும் எரிவாயுவிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ வருகிறது. ஃபார்மலினுக்குப் பதில் கரும்புச் சக்கையில் எடுக்கும் ஃபர்ஃபுராலைச் சேர்த்தால் அந்தப் பாதியும் செடியிலிருந்தே கிடைக்கும். நிறம் கறுக்கும், பதமும் வேறு. அப்போதும் பிணைந்தது பிணைந்ததுதான். முந்திரியில் பிறந்தது என்பதற்காக மண் அதைச் சீக்கிரம் தின்றுவிடாது. ஆகவே நீடித்து உழைக்க வேண்டிய இடத்துக்கே தருகிறேன்: பிரேக் லைனிங், படகின் அடிப்பூச்சு. ஒருமுறை பயன்படுத்தி எறிவதற்கென்று கேட்டால், வேறு சரக்கு பாருங்கள் என்று சொல்லிவிடுவேன்.