கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா?

பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவன் நான். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாராவது சொன்னால் உடனே மகிழ்ந்துவிட மாட்டேன். “கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததா?” என்றுதான் கேட்பேன். தலைப்பில் மதகைத் திறக்கிற அன்று பூத்தூவிப் படம் பிடிப்பார்கள். எங்களுக்குக் கணக்கு, கடைசி வயலில் ஈரம் தெரிகிற நாள்தான். வாய்க்காலில் படித்த இந்தப் பாடத்தை, என் உடம்பு விஷயத்தில் நானே மறந்துபோனேன்.

2021 மே மாதம் எனக்குக் கொரோனா வந்தது. வயது அறுபத்தொன்பது. மாடி அறையில் ஒன்பது நாள் காய்ச்சல். மனைவி படிக்கட்டில் கஞ்சியை வைத்துவிட்டு, நான் எடுத்துக்கொள்கிற சத்தம் கேட்ட பிறகுதான் இறங்கிப் போவாள். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே இறங்கவில்லை. பதினைந்தாம் நாள் ‘நெகட்டிவ்’ என்று தாள் வந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பரீட்சையில் தேறிய பையன்போல வீட்டுக்குள் நடமாடினேன்.

ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறந்தார்கள். அடுத்த வாரம் எங்கள் ஊர் ஆற்றுக்குத் தண்ணீர் வருகிறது என்று சேதி. பழகின கால் சும்மா இருக்குமா? விடிகாலையில் சைக்கிளை எடுத்தேன். “என்னங்க, இன்னும் ஒரு வாரம் போவட்டுமே” என்றாள் மனைவி. “காய்ச்சல் விட்டு ஒரு மாசம் ஆவப்போவுது, இன்னும் என்ன?” என்று மிதித்தேன்.

பாலத்து ஏற்றத்தில் பத்து மிதி மிதித்திருப்பேன். நெஞ்சுக்குள் யாரோ மோட்டாரைப் போட்டுவிட்டது மாதிரி இருந்தது. வலி இல்லை, படபடப்புதான். கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். கீழே புதுத் தண்ணீர் நுரையும் சருகுமாகத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. அதை நான் பார்க்கவே இல்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, எண்ண முடியாத வேகத்தில் ஓடுகிற நாடியை எண்ணப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் என் மகனைவிடச் சின்னவர். ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தார். “பம்பிங் நல்லாத்தான் இருக்கு ஐயா. ஆனா நாலு படி ஏறினதுக்கு நாடி 128 போவுது. இது அதிகம்” என்றார். நான் பார்த்த வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டதும், “அப்ப உங்களுக்குச் சொல்றது சுலபம். வாய்க்காலோட உள்கரை அரிச்சா என்ன ஆகும்?” என்றார்.

அன்று அவர் விளக்கியதும், பிறகு நான் தேடிப் படித்ததும் இதுதான். கொரோனாவை நாம் நுரையீரல் நோய் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தக் கிருமி செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் கொண்டி ஏசிஇ-2 என்கிற புரதம். அது மூக்கிலும் நுரையீரலிலும் மட்டுமல்ல, இதயத்திலும் ரத்தக்குழாயிலும் இருக்கிறது. ரத்தக்குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் கனத்துக்கு உயிருள்ள பூச்சு ஒன்று உண்டு. ரத்தம் ஓடுகிறபோது உறையாமல் பார்த்துக்கொள்வதும், தேவைக்கேற்பக் குழாயை விரியவும் சுருங்கவும் வைப்பதும் அதுதான். தொற்றின் அழற்சியில் அந்தப் பூச்சு புண்பட்டால் வழவழப்பு போய்விடும். ரத்தம் அங்கங்கே ஒட்டிக் கட்டி தட்டும். இதயத்துக்குப் போகிற குழாயில் கட்டி அடைத்தால் மாரடைப்பு, மூளைக் குழாயில் அடைத்தால் பக்கவாதம். நூலைவிட மெல்லிய குழாய்களில் அடைத்தால் அது கடைமடை காய்கிற கதை. கொரோனாவில் இறந்தவர்களின் நுரையீரலை 2020-ல் ஆராய்ந்தவர்கள், நுண்குழாய்களில் ரத்தக்கட்டிகள் ஃப்ளூவில் இறந்தவர்களைவிட ஒன்பது மடங்கு இருந்ததாக எழுதினார்கள். சிலருக்கு இதயத் தசையே வீங்குகிறது. என்னைப் போன்ற சிலருக்கு, நாடியின் வேகத்தை ஆள்கிற நரம்புகள் நிதானத்துக்கு வரவே மாதங்கள் ஆகின்றன.

எனக்கு ஒரு சின்ன மாத்திரையும் ஒரு கட்டளையும் கிடைத்தன. முதல் வாரம் வாசல்வரை, அடுத்த வாரம் தெருமுனைவரை. அதற்குமேல் ஓர் அடி கூடாது.

அந்த நாட்களில்தான் ஒருவர் போன் பண்ணினார். என்னிடம் லஸ்கராக, அதாவது வாய்க்கால் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட எட்டு வயது இளையவர். அவரும் கொரோனாவில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியிருந்தார். “சார், நல்லாயிட்டேன். மூணு மா நிலம் சும்மா கெடக்கு, நாளைக்கு மண்வெட்டியோட எறங்குறேன்” என்றார். டாக்டர் எனக்குச் சொன்னது அத்தனையும் என் காதில் அப்போதும் இருந்தது. ஆனாலும் நான் சொன்னது, “சந்தோஷம்யா, ஜமாய்.” நான்காம் நாள் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

கொரோனாதான் காரணம் என்று யாரும் எழுதித் தரவில்லை. அவருக்குச் சர்க்கரை இருந்தது, பீடியும் இருந்தது. ஒரு மனிதரின் சாவுக்கு இதுதான் காரணம் என்று நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆயிரக்கணக்கானவர்களை வைத்துக் கணக்குப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சுவீடனில் தொற்று கண்ட 86,742 பேரை ஆராய்ந்து 2021-ல் வெளியிட்டார்கள். நோயின் முதல் வாரத்தில் மாரடைப்பு, பக்கவாதம் இரண்டின் ஆபத்தும் ஏறத்தாழ மூன்று மடங்கு. அதே நாட்டின் இன்னொரு ஆய்வில், காலில் ரத்தம் கட்டும் ஆபத்து மூன்று மாதமும் நுரையீரலில் கட்டும் ஆபத்து ஆறு மாதமும் நீடித்தது தெரிந்தது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 1,53,760 பேரை ஓராண்டு கவனித்தார்கள். தொற்று வராதவர்களோடு ஒப்பிட்டால், இதயம், ரத்தக்குழாய் சம்பந்தப்பட்ட ஏதாவதொரு கோளாறு ஆயிரத்துக்கு 45 பேருக்குக் கூடுதலாக வந்திருந்தது. ஆஸ்பத்திரியில் சேராமல் வீட்டிலேயே தேறியவர்களுக்கும் ஆபத்து கொஞ்சம் கூடித்தான் இருந்தது. ஆயிரத்தில் 45 என்றால் பெரும்பாலானவர்கள் தப்பித்துவிடுகிறார்கள் என்று அர்த்தம். ஆகவே பயப்பட வேண்டாம். அசட்டையாகவும் இருக்க வேண்டாம்.

திண்ணையில் உட்காருகிறவர்கள் எல்லாவற்றுக்கும் ஊசியைக் குறை சொல்கிறார்கள். தடுப்பூசியால் மிக அரிதாகச் சிலருக்கு ரத்தம் கட்டியது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 18 முதல் 45 வயதுக்குள் திடீரென்று இறந்துபோனவர்களைப் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-ல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. ஊசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை, இரண்டு தவணை போட்டவர்களுக்குக் குறைத்திருக்கிறது. ஆபத்தைக் கூட்டியவை வேறு: கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தது, குடும்பத்தில் திடீர்ச் சாவு நடந்திருந்தது, சாவதற்கு முந்தைய இரண்டு நாளுக்குள் அளவு மீறிக் குடித்தது அல்லது கடுமையாக உடலை வருத்தியது. அதே ஆண்டு நவராத்திரியை ஒட்டி, குஜராத்தில் கர்பா ஆட்டத்தில் இளைஞர்கள் மாரடைப்பில் விழுந்த செய்திகள் வந்தன. அப்போதைய மத்திய சுகாதார அமைச்சர் மன்சுக் மாண்டவியா இந்த ஆய்வைக் காட்டி, கொரோனா கடுமையாக வந்தவர்கள் ஓரிரு வருஷம் உடலை அதிகம் வருத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

இதைப் படித்தபோது எனக்கு அப்பாயி ஞாபகம் வந்தது. அம்மை இறங்கினால் மூன்று தண்ணீர் ஊற்றாமல் அவள் யாரையும் வாசல் தாண்ட விடமாட்டாள். மூன்றாம் தண்ணீருக்குப் பிறகும் வெயிலில் ஓடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. ஏசிஇ-2 அவளுக்குத் தெரியாது. நோய் போவது ஒன்று, உடம்பு தேறுவது இன்னொன்று என்பது தெரியும். நாங்கள் ஒரு தாளை நம்பினோம். கிருமி போனதைத்தான் அந்தத் தாள் சொன்னது, நான் தேறியதை அல்ல.

என் வயதுக்காரர்களுக்கும், நாற்பதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். கொரோனாவோ வேறு கடுமையான காய்ச்சலோ விட்ட பிறகு, உழைப்பைப் படிப்படியாகக் கூட்டுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிற மாத்திரையை நீங்களாக விழுங்காதீர்கள். நெஞ்சில் அழுத்தம், புதிதாக மூச்சு வாங்குவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, வாய் கோணுவது, பேச்சு குழறுவது இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இப்போதெல்லாம் யாராவது “காய்ச்சல் விட்டிடுச்சு” என்று போன் பண்ணினால், சந்தோஷம் என்று சொல்லி வைத்துவிடுவதில்லை. படி ஏறினால் மூச்சு எப்படி இருக்கிறது, ராத்திரி தூக்கம் எப்படி என்று கேட்கிறேன். இன்னும் பத்து நாள் மண்வெட்டியைத் தொடாதே என்கிறேன். தலைப்பில் தண்ணீர் வந்தது போதாது. நீங்களும் கேளுங்கள்.