கோமுகிக் கரையும் ஸ்பின்னர் தகட்டின் தடிமனும்

கள்ளக்குறிச்சி

அன்புள்ள நண்பருக்கு,

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குச் செல்லும் சாலையில், ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே, கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் நீரைத் தேக்கும் கோமுகி அணை எதிர்ப்படுகிறது. முழு நீர்மட்டம் 46 அடியே கொண்ட இவ்வணை, வடகிழக்குப் பருவமழையில் கலங்கல் நீராலும், கோடையில் செடிகொடிகள் மண்டிய ஆழமற்ற ஓரங்களாலும் இருவேறு நீர்நிலைகளாகவே மாறிவிடுவதால், மஸ்கி மீனுக்கான ஸ்பின்னரில் தகட்டின் தடிமனை எவ்வாறு தேர்வது என்ற தங்கள் வினாவை இங்கு வைத்து ஆராய்வது பொருத்தமாகும்.

மஸ்கி என்பது வட அமெரிக்க ஏரிகளிலும் ஆறுகளிலும் ஒரு மீட்டருக்கு மேலும் வளரும், செடி மறைவில் பதுங்கியிருந்து பாயும் நன்னீர் மீன். அதைப் பிடிக்க உதவும் ஸ்பின்னர், கம்பித் தண்டு ஒன்றில் கரண்டிக் குழிபோல் வளைந்த பிளேடு என்னும் தகட்டைக் கோத்து, அடியில் முள்ளைப் பொருத்திய செயற்கை இரை. தூண்டில் நரம்பைச் சுற்றி இழுக்கும்போது தகடு தண்டைச் சுற்றிச் சுழல்கிறது. அச்சுழற்சி எழுப்பும் அதிர்வை மீன் தன் உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோட்டு உணர்வுறுப்பால் அறிவதால், பார்வை எட்டாத கலங்கலிலும் இரையின் இருப்பிடம் அதற்குப் புலப்படுகிறது.

அமெரிக்க வழக்கில் இத்தகடுகள் 0.025, 0.032, 0.040 அங்குலத் தடிமன்களில், அதாவது ஏறத்தாழ 0.6, 0.8, 1.0 மி.மீ. அளவுகளில் வருகின்றன. 5 செ.மீ. நீளமும் 4 செ.மீ. அகலமும் உள்ள முட்டை வடிவப் பித்தளைத் தகடு 0.6 மி.மீ. தடிமனில் சுமார் 8 கிராமும், 1.0 மி.மீ. தடிமனில் சுமார் 13 கிராமும் எடையிருக்கும். விறைப்போ தடிமனின் மும்மடிக்கேற்ப உயர்வதால் நான்கரை மடங்குக்கு மேல் கூடிவிடும். ஆகவே மெல்லிய தகடு மெதுவாக இழுத்தாலும் உடனே சுழன்று மேல்நீரில் ஓடும், ஆனால் பல்லோ பாறையோ பட்டால் வளைந்து சுழற்சி கெடும். தடித்த தகடு நெடுந்தொலைவு வீச உதவி, ஆழத்தில் கனத்த அதிர்வு எழுப்பும், ஆனால் சுழலத் தொடங்க வலுவான இழுப்பைக் கேட்கும்.

மஸ்கி இல்லாத இந்நாட்டு நன்னீரில் அதன் இடத்தில் வைத்துப் பார்க்கத்தக்கது விரால். காற்றையும் சுவாசிப்பதால் நீர் குறைந்த ஓரங்களிலும் தங்கவல்ல இம்மீனுக்கு, செடிகளின் இடைவெளியில் மெல்ல இழுபடும் இரையே ஏற்றது, அவ்வேகத்தில் 1.0 மி.மீ. தகடு சுழலாமல் தொங்கி, செடியில் சிக்கும். எனவே கோடை ஓரங்களுக்கு 0.6 மி.மீ. தகடும், மழைக்காலக் கலங்கலில் சற்று ஆழமான பகுதிக்கு 0.8 மி.மீ. தகடும் போதுமானவை; 1.0 மி.மீ. தகடு, படகில் கட்டி விரைந்து இழுக்கும் பேரேரிகளுக்கே உரியது.

உள்ளூரில் பித்தளைத் தகடு வாங்கி வெட்டிக்கொள்வோர், கேஜ் எண் கூடக்கூடத் தடிமன் குறையும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்: 24 கேஜ் 0.56 மி.மீ., 20 கேஜ் 0.91 மி.மீ. தட்டிக் குழிக்கும்போது நடுப்பகுதி இன்னும் மெலியக்கூடும் என்பதால், குழித்த பின்னரும் ஸ்க்ரூ கேஜ் கொண்டு அளப்பது நல்லது. அணையில் தூண்டில் வீச விரும்புவோர் மீன்வளத் துறையினரிடம் முன்னதாக விசாரித்து அனுமதி பெற வேண்டும். அடுத்த பயணத்திற்குத் தாங்கள் ஒரே ஒரு தகடுதான் கொண்டுவருவதாயின், அது 0.6 மி.மீ. தகடாக இருக்கட்டும்.

அன்புடன்,
தங்கள் நண்பர்