துடைப்பமும் சொல்லும்

ஒரு மொழியின் பெருமையை அதன் காவியங்களில் தேடுவது உலக வழக்கம். ஆயினும் அம்மொழி பேசும் மக்களின் வாழ்வை அறிய வேண்டுமாயின், அவர்தம் அடுக்களைக்கும் கொல்லைப்புறத்துக்கும் செல்லுதல் வேண்டும். பெருக்கவும் மெழுகவும் தேய்க்கவும் அவர்கள் எந்தச் சொற்களைக் கையாளுகின்றனர், அச்சொற்கள் யாரைச் சுட்டுகின்றன என்று நோக்கினால், அரசர் வரலாறு சொல்லாத செய்திகள் பல புலப்படும்.

இதனை எங்களுக்கு உணர்த்தியது ஸ்பானிய மொழி என்றால் அன்பர்கள் வியப்படையலாம். தில்லிக்குக் குடிபெயர்ந்து நாற்பது ஆண்டுகளைக் கடந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் பெயர்த்தி கல்லூரியில் ஸ்பானியம் பயில்கிறாள். வீட்டு வேலைகளைப் பற்றிய பாடம் வந்தபோது, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே தமிழ்ச் சொல்லையும் எழுதிக்கொள்ள அவள் விரும்பினாள். பாட்டனும் பாட்டியுமாகிய நாங்கள் இருவரும் அவளுக்கு அகராதியானோம்.

'எஸ்கோபா' என்றால் துடைப்பம். 'பர்ரேர்' என்றால் பெருக்குதல். 'தெந்தேர் லா ரோபா' என்றால் துணியை விரித்து உலர்த்துதல். நம் வழக்கில் கொடியில் போடுதல். அடுத்து 'ஃப்ரெகார்' என்னும் சொல் வந்தது. உரசுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையின் வழித்தோன்றல் அது. பாத்திரத்துக்கும் தரைக்கும் பொதுவாக வழங்குவது. "பாத்திரம் தேய்க்கிறோம் என்கிறோமே, அதுதானே பாட்டி?" என்றாள் பெயர்த்தி. அதுவேதான். ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள், ஒரே கையசைவைக் கண்டு ஒரே வகையில் பெயரிட்டிருக்கின்றன.

தூய்மையைக் குறிக்கும் 'லிம்பியோ' என்ற சொல்லுக்கு மூலம், 'தெளிந்த' என்று பொருள்படும் இலத்தீன் சொல். அவர்கள் தூய்மையைத் தெளிவாகக் கண்டனர். நம் முன்னோர் ஒளியாகக் கண்டனர். பாத்திரத்தை விளக்குகிறோம், செய்யுளின் பொருளையும் விளக்குகிறோம். இருளைப் போக்குவது விளக்கு. குப்பையைப் போக்குவது விளக்குமாறு. புலவரின் வேலைக்கும் பாத்திரம் தேய்ப்பவரின் வேலைக்கும் ஒரே வினையை வழங்கிய மொழி நம்முடையது.

சில சொற்களுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. மேசைக்கு 'மேசா', கோப்பைக்குக் 'கோப்பா', துவாலைக்குத் 'தொவாயா', அலமாரிக்கு 'அர்மாரியோ'. ஸ்பானியத்தின் உடன்பிறப்பான போர்த்துகீசிய மொழி, 16ஆம் நூற்றாண்டு முதல் நம் கடற்கரையில் விட்டுச்சென்ற சொற்களின் சாயல் இது. ஆனால் ஒன்றை நோக்குதல் வேண்டும். பொருள்களின் பெயர்கள்தாம் கப்பலேறி வந்தன. அம்மேசையைத் துடைக்கவும் அக்கோப்பையைக் கழுவவும் நாம் கொண்டிருந்த வினைச்சொற்கள் நம்முடையனவாகவே நின்றன. துடைத்த கைகள் நம் வீட்டுக் கைகளாக இருந்தமையே காரணம்.

பல நூற்றாண்டுகளில் நேராத மாற்றம், தில்லியில் எங்கள் வீட்டில் நாற்பது ஆண்டுகளில் நேர்ந்தது. இன்று எங்கள் பிள்ளைகள் தரையைத் துடைப்பதைப் 'போச்சா' என்கின்றனர். பெருக்குவதை 'ஜாடூ' என்கின்றனர். வேலை பிறர் கைக்குச் சென்றது. அதனோடு வினைச்சொல்லும் சென்றது. பெயர்த்திக்கு மெழுகுதல், துலக்குதல், அலசுதல், ஒட்டடை அடித்தல் ஆகிய சொற்களை நாங்கள் சொல்ல, அவற்றையும் அவள் அயல்மொழிச் சொற்களைப் போலவே எழுத்துக்கூட்டி எழுதினாள்.

அன்றைய பாடத்தில் எங்கள் மனத்தை மிகவும் ஈர்த்த சொல் 'ஃப்ரெகோனா'. முற்காலத்தில் அது பாத்திரமும் தரையும் தேய்க்கும் பணிப்பெண்ணைக் குறித்தது. ஏளனக் குறிப்பும் உடையது. செர்வாந்தேஸ் 1613இல் வெளியிட்ட கதைத் தொகுதியில், தொலேதோ நகரத்து விடுதி ஒன்றில் வளர்ந்த பெண்ணைப் பற்றிய கதை இச்சொல்லையே தலைப்பில் தாங்கியது. அவள் உயர்குடியில் பிறந்தவள் என்று இறுதியில் தெரியவருகிறது. தேய்க்கும் கையை அதன் உழைப்புக்காகவே உயர்த்திக் காட்ட அப்பெருங்கலைஞருக்கும் இயலவில்லை போலும்!

1956இல் மனுவேல் ஹலோன் கொரோமினாஸ் என்ற வானூர்திப் பொறியாளர், சரகோசா நகரில் ஒரு கருவியை உருவாக்கினார். நீண்ட கோலின் முனையில் பருத்தி நார்க்கற்றை. அதனைப் பிழிவதற்கு உருளைகள் பொருத்திய வாளி. அதுவரை மண்டியிட்டுத் தரையைத் தேய்த்த பெண்கள் நிமிர்ந்து நின்றனர். அக்கருவிக்கு 'ஃப்ரெகோனா' என்ற பெயரே நிலைத்தது. இன்று ஸ்பெயினில் அச்சொல்லைக் கேட்போர் மனத்தில் முதலில் தோன்றுவது பெண்ணன்று, கோல்.

கருவி முதுகை நிமிர்த்தியது, உழைப்பைப் பங்கிடவில்லை. அதற்குச் சட்டம் வேண்டியிருந்தது. வீட்டுப் பொறுப்புகளைக் கணவனும் மனைவியும் பகிர்ந்துகொள்ளல் வேண்டும் என்று 2005இல் அந்நாட்டுக் குடிமைச் சட்டத்தின் 68ஆம் பிரிவில் சேர்த்தனர். பதிவுத் திருமணங்களில் மணமக்கள் முன்னிலையில் அப்பிரிவு வாசிக்கப்படுகிறது. 2023இல் அந்நாட்டு நீதிமன்றம் ஒன்று, மணமுறிவு பெற்ற பெண்ணுக்கு, அவர் 25 ஆண்டுகள் செய்த வீட்டு வேலைக்காக 2 லட்சம் யூரோவுக்கும் அதிகமான தொகையை முன்னாள் கணவர் வழங்க ஆணையிட்டது. குறைந்தபட்ச ஊதியமே அக்கணக்குக்கு அடிப்படை. இதை வாசித்துக் காட்டியபோது எங்களில் ஒருவர் மௌனமானார். மற்றவர் தம் நாற்பது ஆண்டுகளைக் கணக்கிடத் தொடங்கினார். யார் எவர் என்பதை வாசகரின் ஊகத்துக்கே விடுகிறோம்.

இனி நம் வீட்டுச் சொல்லைப் பார்ப்போம். நாம் இன்றும் 'வேலைக்காரி வரவில்லை' என்கிறோம். அச்சொல் இன்னும் பெண்ணை விட்டு நீங்கவில்லை. இந்நகரில் வீட்டு வேலை செய்து பிழைத்த பெண்களுள் தமிழச்சிகளும் பலர். அவர்களிற் பலர் வாழ்ந்த ஜங்புராவின் மதராசி கேம்ப், நீதிமன்ற ஆணையை ஒட்டி 2025 ஜூன் முதல் நாள் இடிக்கப்பட்டது. குடும்பங்கள் சிதறின. நம் பிள்ளைகள் மறந்த துலக்குதலும் அலசுதலும் அவர்கள் நாவில் உயிரோடிருந்தன. நாம் தமிழ் வளர்க்கக் கூடும் அரங்குகளுக்கு அவர்களை எத்தனை முறை அழைத்தோம்?

தமிழ் வகுப்பில் பாடலும் நீதிமொழியும் கற்பிக்கிறோம், நன்று. அவற்றோடு, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பெயரனின் கையிலும் ஒரு விளக்குமாற்றைக் கொடுத்து, பெருக்கு என்னும் வினையைக் கற்பிப்போம். அதைச் செய்து பார்த்தவன் அச்சொல்லை எளிதில் மறவான். நம் வீட்டுக்கு வந்து உழைக்கும் பெண்ணை அக்கா என்றோ அம்மா என்றோ அழைக்கவும், ஊதியத்தைக் குறித்த நாளில் கொடுக்கவும் அவன் நம்மைப் பார்த்தே பழகட்டும். எங்கள் வீட்டில் இவ்விரண்டையும் தொடங்கியிருக்கிறோம். தரை இன்னும் முழுமையாகத் துலங்கவில்லை. சொற்கள் துலங்கத் தொடங்கியுள்ளன.