தொடாதே, அப்பா!

சென்ற தை மாதம் எங்கள் வீட்டில் ஒரு துக்கம். ஒரே இரவில் பன்னிரண்டு பேர் போய்விட்டார்கள்.

நேயர்கள் பதற வேண்டாம். அந்தப் பன்னிரண்டு பேரையும் சேர்த்துத் தராசில் வைத்தாலும் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையின் எடைக்கு மேல் தேறாது. போனவர்கள் சிவப்பு இறால்கள். கண்ணாடித் தொட்டியில் அழகுக்காக வளர்க்கும் நன்னீர் இறால்கள். 'செர்ரி இறால்' என்பது கடைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர். நன்றாக வளர்ந்தாலும் மூன்று சென்டிமீட்டர்தான் நீளம். "இதை வைத்துக்கொண்டு எப்படிக் குழம்பு வைக்கிறது?" என்று என் மாமியார் கேட்டது நியாயமான கேள்விதான்.

ஆனால் என் மகளுக்கு அவை உயிர். ஒன்பது வயது அவளுக்கு. பிறந்த நாளுக்குப் பட்டுப் பாவாடை வேண்டாம், இறால்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டவள். தொட்டியின் அடியில் அவை வெளுத்துக் கிடந்ததைக் கண்டபோது அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. இரவு படுத்த பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, நேத்து நான் ஒரு துண்டு இட்லி போட்டேன். அதனாலதான் எல்லாம் செத்துப் போச்சா?"

"அதெல்லாம் இல்லை, தூங்கு" என்றேன். தெரிந்து சொன்ன பதில் அல்ல என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆகையால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் நாங்கள் இருவரும் கொளத்தூருக்குப் புறப்பட்டோம்.

பெயரிலேயே தண்ணீர்

சென்னையில் செல்லப் பிராணி வேண்டுமென்றால் நம் தாத்தாக்கள் மூர் மார்க்கெட்டுக்குத்தான் போவார்கள். பழைய புத்தகம் ஒரு பக்கம், கிளியும் புறாவும் இன்னொரு பக்கம். 1900-இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1985-இல் தீக்கு இரையாயிற்று. அது நின்ற இடத்தில்தான் இன்று புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. அங்கேதான் நாங்கள் ரயில் ஏறினோம். வில்லிவாக்கத்தில் இறங்கி ஓர் ஆட்டோ பிடித்தால் கொளத்தூர் வந்துவிடும்.

குளத்தைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊர் அது. சற்று வடக்கே போனால் சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரி. இன்று கொளத்தூரில் குளத்தைவிடக் கட்டடங்களே அதிகம். ஆனாலும் தண்ணீர் வாசனை போகவில்லை. வீட்டுக் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் சிமெண்டுத் தொட்டி கட்டி வண்ண மீன் வளர்ப்பது இங்கும் செங்குன்றம் வரையுள்ள சுற்று வட்டாரத்திலும் பல குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில். இங்கிருந்து கிளம்பும் மீன்கள் வெளியூர்களுக்கெல்லாம் போகின்றன.

ஞாயிறு காலையில் அந்தக் கடைத்தெருவைப் பார்க்க வேண்டும்! காற்று அடைத்த பாலிதீன் பைகள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. ஒவ்வொரு பைக்குள்ளும் தங்க மீன், கப்பி, மாலி, ஏஞ்சல் என்று ஒரு குடும்பம். சண்டை மீன்கள் மட்டும் ஆளுக்கொரு பாட்டிலில் தனிக் குடித்தனம். சேர்த்து வைத்தால் சண்டைதான். கூட்டுக் குடும்பத்துக்கு ஒத்து வராத பிறவிகள்!

இறால் விசாரித்தோம். ஒரு காபி விலைக்கு ஒன்றோ இரண்டோ கிடைக்கும் என்றார்கள். ஆனால் ஏன் செத்தன என்று கேட்டால், எல்லாரும் புதிதாக வாங்கிப் போகும்படிதான் சொன்னார்கள். கடைசியில் ஒரு பெரியவர் என் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பின்னால சந்துல ஒரு அம்மா இருக்காங்க, எறா மட்டும்தான் வளக்கிறாங்க. அவங்ககிட்ட கேளு பாப்பா" என்று வழி காட்டினார்.

மாடியில் ஒரு வைத்தியர்

அந்த அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கலாம். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போன பிறகு கிடைத்த நேரத்தில் ஆரம்பித்த தொழிலாம். மாடியில் பச்சை வலைப் பந்தல். அதன் கீழ் இருபது தொட்டிகள். ஒவ்வொன்றிலும் கட்டுக் கட்டாய்ப் பாசி. பாசியின் மேல் செம்பருத்தி இதழைக் கிள்ளித் தூவியதுபோல் இறால்கள். குட்டிக் கைகளால் எதையோ பொறுக்கிப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டே இருந்தன. ஓய்வே இல்லை.

"என்ன சாப்பிடுதுங்க?" என்றாள் என் மகள்.

"கண்ணுக்குத் தெரியாத பாசி, கிருமி. இலை மேல, கல்லு மேல வழவழன்னு இருக்குமே, அதுதான் இதுங்களுக்குச் சோறு. நாம போடறதெல்லாம் பலகாரம் மாதிரிதான். நீ என்ன போட்டே?"

என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "இட்லி" என்றாள்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாய் விசாரித்தார். எவ்வளவு இட்லி? சுண்டு விரல் நுனி அளவு. மறுநாள் தண்ணீர் கலங்கி இருந்ததா? இல்லை. தொட்டி வாங்கி எத்தனை நாள்? பத்து நாள். தண்ணீர் மாற்றினீர்களா?

இந்த இடத்தில் எனக்குத் தொண்டை வறண்டது.

மாற்றினேன். நான்தான் மாற்றினேன். முந்திய ஞாயிறன்று, குழந்தைக்கு ஒத்தாசை செய்கிறேன் பேர்வழி என்று தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டுக் கண்ணாடியைத் தேங்காய் நாரால் பளபளவென்று தேய்த்து, கல்லையெல்லாம் அலசி, குழாயிலிருந்து நேராகப் புதுத் தண்ணீர் நிரப்பினேன். அன்று மாலை கொசுத் தொல்லை என்று தொட்டிக்குப் பக்கத்திலேயே கொசு மருந்தையும் மின்சாரத்தில் செருகி வைத்தேன்.

சொல்லி முடித்தேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்துப் பேசவில்லை. என் மகளைப் பார்த்துத்தான் பேசினார்.

"பாப்பா, சுண்டு விரல் இட்லிக்குப் பன்னெண்டு எறா ஒரு ராத்திரியில சாகாது. அது உன் தப்பு இல்லை."

பிறகு விளக்கினார். குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் குளோரின் கலந்திருக்கிறது. இறாலுக்கு அது நஞ்சு. ஒரு பகல் ஓர் இரவு வாளியில் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். கொசு மருந்து பூச்சியைக் கொல்வது; இறாலும் அந்தப் பூச்சி இனத்துக்கு உறவுதான். தெருவில் புகை மருந்து அடித்த ஒரு மாலை, மூடாமல் விட்ட மூன்று தொட்டிகளை அவரே பறிகொடுத்திருக்கிறார். அந்த மாதம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வளையலை அடகு வைக்க வேண்டி வந்ததாம். மீனுக்குப் போடும் சில மருந்துகளில் செம்பு கலந்திருக்கும். அதுவும் இறாலுக்கு ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தேய்த்துக் கழுவினேனே, அது அழுக்கல்ல, அதுகளின் சாப்பாடு!

"ரொம்ப நல்லாப் பாத்துக்கறவங்க வீட்டிலதான் சார் எறா தங்காது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் சுருக்கென்றது.

பலகாரக் கணக்கு

அங்கே தெரிந்துகொண்டதை வீட்டில் தொட்டி வைத்திருக்கும் சகோதரிகளுக்காக எழுதி வைக்கிறேன்.

ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரமுள்ள தொட்டி போதும். சுமார் 40 லிட்டர் பிடிக்கும். காற்றுக் குமிழியில் இயங்கும் ஸ்பாஞ்ச் பில்டரே நல்லது. மற்றவை குஞ்சுகளை உறிஞ்சிவிடும். தண்ணீரும் பாசியும் மட்டும் வைத்து நாலிலிருந்து ஆறு வாரம் காத்திருந்த பிறகே இறால் விட வேண்டும். விடும்போதும் அவசரம் கூடாது. மெல்லிய குழாய் வழியே தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் கலந்து பழக்க வேண்டும்.

தீனி வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும். வேகவைத்து ஆறிய பாலக் கீரை ஓர் இலை, அல்லது வெள்ளரித் துண்டு ஒன்று. உப்பு, எண்ணெய் கூடாது. கடைக் கீரையில் பூச்சிமருந்து இருக்கலாமாகையால் நன்றாக அலச வேண்டும். இரண்டு மணி நேரத்தில் தின்று மிஞ்சியதை எடுத்துவிட வேண்டும். அழுகினால் தண்ணீர் கெடும். உதிர்ந்து காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றைப் போட்டு வைத்தால் அது மெல்ல மெல்ல மக்கும். அதன்மேல் படர்வதைக் குஞ்சுகள் மேய்ந்துகொண்டே இருக்கும். தண்ணீரை வாரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்றக் கூடாது. திடீரென்று நிறைய மாற்றினால் சட்டை உரிப்பதில் கோளாறு வந்து இறால் சாகும்.

சட்டை உரிப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. வளர வளர இறால் தன் ஓட்டைக் கழற்றிப் போடும். கண், மீசை, கால் எல்லாம் அப்படியே இருக்கும் வெற்று ஓடு. அதைக் கண்டு அலறாதீர்கள். எடுத்து எறியவும் வேண்டாம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்துக்காக இறால்களே அதைத் தின்னும்.

தாய் வீடு

இந்த இனம் தென் சீனாவிலும் தைவானிலும் ஓடைகளில் வாழ்வது. ஓடையில் இருப்பதற்கு இந்தச் சிவப்புக் கிடையாது; மங்கிய பழுப்பு நிறம்தான். தைவான்காரர்கள் சற்றே சிவந்தவற்றைப் பொறுக்கித் தலைமுறை தலைமுறையாய்ச் சேர்த்து வைத்துக் கிடைத்த நிறம் இது. ஆகையால் மஞ்சள், நீலம், சிவப்பு என்று கலந்து வைத்தால் சில தலைமுறையில் பேரப்பிள்ளைகள் பழையபடி பழுப்பாகிவிடும்.

ஜப்பானில் தகாஷி அமானோ என்றொரு புகைப்படக் கலைஞர் இருந்தார். 1954-இல் பிறந்து 2015-இல் மறைந்தவர். தொட்டிக்குள் தோட்டம் அமைப்பதை ஒரு கலையாக்கியவர். பாசி தின்ன அவர் பிரபலப்படுத்திய இறால் இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஆனால் அதன் குஞ்சுகள் பிழைக்க உப்புத் தண்ணீர் வேண்டும். நம் ஆற்று இறாலும் அப்படித்தான். கழிமுகத்துக்குப் போனால்தான் குஞ்சு பிழைக்கும். சிவப்பு இறாலுக்கு அந்தத் தொல்லை இல்லை. குஞ்சு பொரியும்போதே தாயைப்போல முழு உருவம். அதனால்தான் வீட்டிலேயே பெருகுகிறது.

அந்த அம்மாள் ஒரு தொட்டியில் விளக்கைச் சாய்த்துக் காட்டினார். பெரிதாய், சிவப்பாய் இருப்பது பெண். சிறிதாய், வெளிறி இருப்பது ஆண். பெண்ணின் தலைக்குப் பின்னால் மஞ்சளாய் ஒரு சேணம். அது உருவாகிவரும் முட்டை. சட்டை உரித்த அன்று ஆண்களெல்லாம் தொட்டி முழுக்கத் தாறுமாறாய் நீந்தித் தேடுமாம். பிறகு முட்டைகள் வால் அடியில் உள்ள துடுப்புக் கால்களுக்கு வந்துவிடும். இருபது முப்பது முட்டை. மூன்று நாலு வாரம் தாய் அவற்றைச் சுமந்துகொண்டு, துடுப்பால் விசிறிக்கொண்டே இருப்பாள்.

"தூங்கவே மாட்டாளா?" என்றாள் என் மகள்.

"அம்மாங்க எப்போ தூங்கினாங்க?" என்றார் அந்த அம்மாள்.

நான் பணப்பையை எடுத்தேன். இருபது இறால் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். "இப்போ வேண்டாம் சார். தொட்டி பழுக்கட்டும். ஆறு வாரம் கழிச்சு வாங்க." வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்பிய ஒரே கடையை அன்றுதான் பார்த்தேன். ஒரு பிடி பாசியும், பழைய ஸ்பாஞ்சைப் பிழிந்த ஒரு பாட்டில் அழுக்குத் தண்ணீரும் தந்தார். காசு வாங்கவில்லை. படியிறங்கும்போது ஒன்று சொன்னார்: "வேண்டாம்னு தோணினா ஏரியில விட்டுடாதீங்க. எங்ககிட்ட திருப்பிக் கொண்டாங்க." ஜெர்மனியிலும் ஹங்கேரியிலும் யாரோ விட்டுப் போன இந்த இறால்கள் நீர்நிலைகளில் பெருகியிருக்கின்றன என்பதை நினைத்தால், புழல் ஏரிக்குப் பக்கத்தில் வாழும் அந்த அம்மாளின் கவலை புரிகிறது.

திரும்பும் ரயிலில் என் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "சாரி, கண்ணு" என்றேன். "பரவால்லப்பா. உனக்கும் தெரியாதுல்ல" என்றாள். அன்றிரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

சித்திரையில் ஒரு புள்ளி

ஆறு வாரம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாசிக் கடைசியில் பத்து இறால்கள் வந்தன. கொசு மருந்து வீட்டை விட்டுப் போயிற்று, கொசுவலை வந்தது. பங்குனியில் ஒருத்தி வால் அடியில் முட்டை சுமந்தாள். பிறகு வந்தது சென்னை வெயில். தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் இறாலுக்கு மூச்சு முட்டும். சின்ன மின்விசிறி ஒன்றைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் சுழலவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும் என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார். வீட்டிலிருந்த ஒரே மேஜை விசிறி தொட்டிக்குப் போயிற்று. நான் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டேன்.

சித்திரையில் ஒரு நாள் காலை, பள்ளிக்கூடம் இல்லாத நாள். என் மகள் தொட்டியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு மூச்சு விடாமல் நின்றாள். பாசி நுனியில் ஒரு புள்ளி. இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். புள்ளிக்கு மீசை இருந்தது. கைகளால் எதையோ பொறுக்கித் தின்றது. பக்கத்தில் இன்னொரு புள்ளி. எண்ணி எண்ணிப் பதினான்கு வரை வந்து விட்டுவிட்டாள்.

என் மாமியாரும் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். குழம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. இவ்வளவு குஞ்சுகள் வந்த பிறகு கண்ணாடியைக் கொஞ்சம் துடைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியுமே என்று துணியோடு கிட்டப் போனேன். தொட்டியின் மேல் நோட்டுத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. பென்சிலால், பெரிய எழுத்தில், இரண்டே சொல்:

"தொடாதே, அப்பா!"