கடைசி அடிக்குப் பிறகு

புரூஸ் லீயின் சண்டைக் காட்சிகள் இன்று துண்டு துண்டாக நம் பிள்ளைகளின் கைப்பேசிகளில் உலவுகின்றன. ‘தி பிக் பாஸ்’ படத்தின் இறுதிச் சண்டையும் அவற்றுள் ஒன்று. 1971-இல் வெளியான இந்த ஹாங்காங் படம், ஏறத்தாழ 1 லட்சம் அமெரிக்க டாலர் என்ற சிறு செலவில் தாய்லாந்தில் எடுக்கப்பட்டது.

கதை எளியது. பிழைப்புத் தேடித் தாய்லாந்து வரும் செங் என்ற இளைஞன், சண்டையிடுவதில்லை என்று தாய்க்கு வாக்களித்தவன். அதை நினைவூட்டும் பதக்கமொன்று அவன் கழுத்தில் கிடக்கிறது. அவன் வேலை செய்யும் ஐஸ் ஆலையில் பனிப்பாளங்களுக்குள் போதைப்பொருள் கடத்தப்படுகிறது. அதைக் கண்டறிந்தவர்கள் காணாமற்போகின்றனர். ஒரு கைகலப்பில் பதக்கம் அறுபடுகிறது, வாக்கும் அறுபடுகிறது. இறுதியில், தன் உறவினரைக் கொன்ற முதலாளியின் மாளிகைக்கே சென்று அவனைக் கொல்கிறான்.

கைப்பேசித் துண்டு அங்கே முடிந்துவிடுகிறது. படம் முடிவதில்லை.

மாலை வகுப்புக்கு முன் அதே உதைகளைப் பழகிக்கொண்டிருந்த மாணவர்களிடம், “அதற்குப் பிறகு அவன் என்ன ஆனான்?” என்று கேட்டேன். “ஜெயிச்சுட்டான், ஹஜ்ரத்” என்றனர். காவலர்கள் வருகிறார்கள், அவன் அவர்களிடம் சரணடைகிறான், அத்துடன் படம் முடிகிறது என்றேன்.

ஒருவன் மட்டும் விடவில்லை. “நியாயம் அவன் பக்கம்தானே ஹஜ்ரத், அவனை ஏன் பிடிக்கணும்?” அவனுடைய வாப்பாவைக் கடைவீதியில் ஒருவர் இழிவாகப் பேசியதும், அவருக்குப் பாடம் புகட்டப்போவதாக இவன் சொல்லித் திரிந்ததும் எனக்குத் தெரியும்.

“அநீதி இழைக்கப்பட்டவன் வேறு, நீதிபதி வேறு. பழிக்குப் பழி உரிமையாகும் இடத்திலும், விசாரித்துத் தீர்ப்பளிக்கும் பொறுப்பை மார்க்கம் தனிமனிதன் கையில் விடவில்லை. பனிப்பாளத்துக்குள் இருந்த சாட்சியத்தைச் செங் தன் கண்ணாலேயே கண்டான். அதை வழக்காக்கியிருந்தால் முதலாளி குற்றவாளிக் கூண்டில் நின்றிருப்பான். கொன்றதால் செங்கே கைதியானான். மாண்டவர்களும் மீளவில்லை” என்றேன். மல்யுத்தத்தில் வீழ்த்துபவரைவிடக் கோபத்தில் தம்மை அடக்குபவரே வலிமையானவர் என்ற நபிமொழியின் பொருளை அன்று அவர்களுக்கு எளிதாக விளக்க முடிந்தது.

அவன் பதில் பேசவில்லை. மறுநாள் அவனுடைய வாப்பாவே என்னைத் தேடி வந்தார். ஜமாஅத் பெரியவர்கள் வழியாக அந்த விவகாரத்தைப் பேசி முடிக்கலாமா என்று மகன் கேட்டதாகச் சொன்னார்.

பெற்றோர்களே, பிள்ளைகள் சண்டைக் காட்சியைக் காட்டினால் கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். அருகில் அமர்ந்து, “அதற்குப் பிறகு என்ன ஆயிற்று?” என்று கேளுங்கள்.