பாட்டாவின் படத்தை யார் பார்ப்பது?

ராத்திரி நாலு தடவை எழும்பி ஒண்ணுக்குப் போகும் பாட்டாமார் நாஞ்சில் நாட்டில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். கேட்டால், "வயசாயிட்டுல்லா மக்கா, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். பெரும்பாலும் அது உண்மைதான். வயதானால் புராஸ்டேட் சுரப்பி வீங்கி மூத்திரப் பாதையை அழுத்தும், அது புற்றுநோய் இல்லை. ஆனால் புற்றுநோய் வந்தாலும் ஆரம்பத்தில் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. வம்பு அங்கேதான்.

ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு பார்ப்பார்கள். 4 நானோகிராமைத் தாண்டினால் சந்தேகம். வெறும் வீக்கத்துக்கும் கிருமித் தொற்றுக்கும்கூட இது ஏறும் என்பதால் இதை மட்டும் நம்ப முடியாது. முன்பெல்லாம் அடுத்தது நேராக பயாப்ஸிதான். மலக்குடல் வழியாகக் கருவியை விட்டு, சுரப்பியில் அங்கங்கே 10, 12 ஊசி. பி.காம். ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், தணிக்கைக்குப் போனவர் கட்டிலிருந்து 12 வவுச்சரை உருவிப் பார்ப்பது போல. திருட்டு 13ஆவதில் இருந்தால் போச்சு!

எம்.ஆர்.ஐ. வந்த பிறகு கதை மாறியது. முதலில் படம், சந்தேகமான இடத்தில் மட்டும் ஊசி. 500 ஆண்களை வைத்து நடந்து 2018இல் வெளியான பிரிசிஷன் ஆய்வில், பழைய முறை 26 சதவீதம் பேரிடம் ஆபத்தான புற்றுநோயைக் கண்டுபிடித்தது. படம் பார்த்துக் குத்தும் முறை 38 சதவீதம் பேரிடம்.

படத்தை வாசிக்க ஆள் வேண்டுமே. பை-ராட்ஸ் என்று 1 முதல் 5 வரை சந்தேகத்துக்கு மார்க் போடுவார்கள். ஒரே படத்துக்கு ஒரு டாக்டர் 3 போடுவார், இன்னொருவர் 4 போடுவார் (நம்ம செமஸ்டர் பேப்பர் மாதிரியேதான்). அனுபவம் உள்ளவர்கள் பெரிய ஊர்களில்தான் அதிகம். கம்ப்யூட்டர் உள்ளே வருவது இந்த இடத்தில்.

2024இல் லான்செட் ஆன்காலஜி இதழில் வந்த பை-காய் ஆய்வு இதில் பெரியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட எம்.ஆர்.ஐ. பரிசோதனைகள். அதில் 400 பேரின் படங்களை 20 நாடுகளைச் சேர்ந்த 62 ரேடியாலஜிஸ்டுகளும் வாசித்தார்கள், மென்பொருளும் வாசித்தது. அவர்கள் பிடித்த அதே அளவு புற்றுநோயைப் பிடித்துக்கொண்டு, பொய் எச்சரிக்கையை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது மென்பொருள். பாதிப் பேருக்குத் தேவையில்லாத பயம் மிச்சம் என்றால் சின்ன விஷயமா? அதேசமயம், ஆஸ்பத்திரியில் பல துறை டாக்டர்கள் சேர்ந்து பேசி எடுத்த முடிவுகளோடு ஒப்பிட்டபோது அது சமமாகத்தான் வந்தது, முந்தவில்லை.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. அந்தப் படங்கள் எல்லாம் நெதர்லாந்திலும் நார்வேயிலும் எடுத்தவை. நம்ம பாட்டாமாரை அது பார்த்ததே இல்லை! ஸ்கேன் மெஷினின் கம்பெனி மாறினால், காந்தத்தின் வலு மாறினால், படமும் கொஞ்சம் மாறும்.

புது வைத்தியம் குமரி மாவட்டத்துக்குக் கடைசியில்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி 1838இல் தொடங்கியது. 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப்போன டாக்டர் சாமர்வெல் அங்கே வந்து தங்கி, அந்தக் காலத்திலேயே புற்றுநோய்க்கு ரேடியம் வைத்து வைத்தியம் பார்த்தார். ஆனால் ரேடியத்துக்கு இங்கிலாந்துக்காரன் உடம்பும் இரணியல்காரன் உடம்பும் ஒன்றுதான். மென்பொருள் அப்படியில்லை. எந்தப் படங்களைக் காட்டிப் பழக்கினார்களோ அதுதான் அதற்குத் தெரியும்.

ஆகவே வாங்குவதற்கு முன்னால், ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கும் திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்கும் போகிற நம்ம ஊர்க்காரர்களின் பழைய படங்களைக் கொடுத்து, பயாப்ஸி ரிசல்ட்டோடு சரிபார்த்துவிட வேண்டும். எத்தனை பேரை விட்டது, எத்தனை பேரைச் சும்மா பயமுறுத்தியது என்று இரண்டு கணக்கும் வரட்டும். விற்க வரும் கம்பெனி முதல் கணக்கை மட்டும் காட்டினால், இரண்டாவதைக் கேட்டு வாங்க வேண்டும். ரிப்போர்ட்டின் அடியில் கையெழுத்துப் போடப்போவது மென்பொருள் இல்லையே, டாக்டர்தான்.