அரிவாளும் அதன் அண்டை வீட்டாரும்

மத்திய அரசுப் பணி நமக்கு வழங்கிய செல்வங்களுள் மாற்றல் உத்தரவும் ஒன்று. ஊர் ஊராகச் சென்றதன் பயனாக நம் தில்லி இல்லத்தில் மூன்று வெட்டுக்கருவிகள் சேர்ந்துவிட்டன: திருப்பாச்சேத்தி அரிவாள், கூர்க்கரின் குக்ரி, நாகரின் தாவ். மூன்றும் மடங்காதவை, பட்டறையில் கையால் அடிக்கப்பட்டவை.

குக்ரியின் அலகு இடையில் வளைந்து, நுனிப்பக்கம் அகன்று கனக்கும். ஓங்கினால் போதும், வெட்டுவதைக் கனமே பார்த்துக்கொள்ளும். பிடியருகே உள்ள சிறு குழிவுக்குப் பசுவின் குளம்பு என்றும், திரிசூலம் என்றும், குருதி வடியும் வழி என்றும் நாம் கேட்ட மூவர் மூன்று விளக்கம் கூறினர்! லாரியின் பழைய வில்பட்டையைக் காய்ச்சி அடிக்கும் நேபாளக் கொல்லர், பழுத்த அலகை நீரில் முழுவதும் அமிழ்த்துவதில்லை. கெண்டியால் விளிம்பின்மீது மட்டும் நீர் வார்க்கின்றனர். விளிம்பு கடினமாகும், முதுகு நெகிழ்ந்து அதிர்ச்சியைத் தாங்கும்.

தாவ் பிடியருகே குறுகி, நுனியில் அகன்றது. உளியைப்போல் ஒரு பக்கமே சரிவு. மூங்கில் பிளப்பதற்கென்றே பிறந்தது எனலாம்.

நம் அரிவாளுக்கும் குக்ரிக்கும் கூர் உள்வளைவில்தான். ஆயினும் அரிவாளுக்கு மூக்கு உண்டு. அது முள்கிளையைப் பற்றிக்கொள்ள, சுண்டி இழுத்தால் கிளை கையோடு வரும். இந்த நயம் மற்ற இரண்டுக்கும் இல்லை என்பது நம் துணிபு. ஊர்ப்பற்று என்று கொள்வோர் கொள்க.

ஆனால் பெயர் வாங்கியவை மற்றவையே. 1815-இல் முதல் கூர்க்கப் பட்டாளம் அமைந்தது முதல் குக்ரிக்கு வீரப்புகழ். கூர்க்க ரைபிள் படைச் சின்னத்தில் இரு குக்ரிகள் குறுக்கிட்டு நிற்கின்றன. 2000 முதல் கோகிமா அருகே நடைபெறும் ஹார்ன்பில் விழாவில் ஆடுவோர் கையில் தாவ் மின்னுகிறது. கருப்பசாமியின் கையில் காவலாய் நிற்கும் அரிவாளோ, இங்கே பிறந்த நம் மகனுக்குத் திரைப்பட அடியாளின் முதுகில் செருகிய பொருள். அலுவலக நண்பர் ஒருவரும் அதைக் கண்டு, "இதனால்தானே உங்கள் ஊரில் ஆளை வெட்டுகிறார்கள்?" என்றார். நமக்குச் சுருக்கென்றது.

சென்ற கோடையில் ஊர் சென்றபோது மகனைப் பட்டறைக்கு அழைத்துச் சென்றோம். தனக்கு ஓர் அரிவாள் வேண்டும் என்றான். கொல்லர் உடனே உலையை ஊதிவிடவில்லை.

"எதுக்குத் தம்பி? முள்ளு வெட்டவா, மட்டை வெட்டவா?"

மகன் திகைத்து நம்மைப் பார்த்தான். நாம் வாய் திறக்கவில்லை. வெகுநேரம் யோசித்து, "இளநீர் வெட்ட" என்றான்.

"அப்படின்னா கனம் கொஞ்சம் கூடுதலா வேணும்" என்று கொல்லர் எழுந்தார்.